டாக்டர்கள் சண்டை போடட்டும்... குடும்பம் கேட்கட்டும்!

1960களின் கடைசியில் ஃபிலடெல்ஃபியாவில் மூன்று பேர் தினமும் ஒரே காரில் வேலைக்குப் போய் ஒரே காரில் வீடு திரும்பினார்கள். ஒருவர் சால்வடோர் மினுச்சின். அர்ஜென்டினாவின் சிற்றூர் ஒன்றில் பிறந்த யூதர். 1948-ல் இஸ்ரேல் ராணுவத்தில் டாக்டராக இருந்தவர். ஃபிலடெல்ஃபியா குழந்தைகள் மனநல மருத்துவமனையின் இயக்குநர். இரண்டாமவர் ஜே ஹேலி. இவர் மருத்துவமும் படிக்கவில்லை, உளவியலும் படிக்கவில்லை. படித்தது நாடகம், நூலகவியல், தகவல்தொடர்பியல். மூன்றாமவர் பிராலியோ மோன்டால்வோ, புவேர்ட்டோ ரிக்கோக்காரர், உளவியலாளர். வழி நெடுக விவாதம்தான். அன்று பார்த்த குடும்பம், அங்கே செய்தது சரியா, வேறு எப்படிச் செய்திருக்கலாம் என்று பேசித் தீராது. 1974-ல் மினுச்சின் எழுதிய புத்தகம் குடும்ப சிகிச்சைக்கு இன்றும் பாடநூல். அதில் எது மருத்துவமனையில் பிறந்தது, எது காரில் பிறந்தது என்று பிரிப்பது கஷ்டம்.

ஒரு வீட்டில் ஒருவருக்கு மனநலச் சிக்கல் வந்தால் அவரை மட்டும் அல்லாமல் வீட்டையே உட்காரவைத்துப் பேசுவது குடும்ப சிகிச்சை. இந்தத் துறையின் பெரிய தலைகள் எல்லோரும் கூட்டாக வேலை செய்தவர்கள். கூட்டாளியோடு முட்டிக்கொண்டவர்களும்கூட. அதில் அதிசயமில்லை, எந்தத் தொழிலில் இல்லை? ஆனால் குடும்பங்களின் சண்டையைத் தீர்த்துவைக்க உட்கார்ந்தவர்கள் தங்கள் சண்டையை எங்கே வைத்துப் போட்டார்கள் என்பதைப் பின்தொடர்ந்தால் இந்தத் துறையின் கதை முழுக்க வந்துவிடுகிறது. முதலில் காரில், பிறகு கண்ணாடிக்குப் பின்னால், கடைசியில் குடும்பத்தின் கண் முன்னால்.

அதிகாரம் என்று ஒன்று உண்டா?

ஹேலி ஃபிலடெல்ஃபியாவுக்கு வந்ததன் பின்னால் ஒரு பழைய பிணக்கு இருக்கிறது. 1952-ல் கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் மானிடவியலாளர் கிரிகரி பேட்சன் ராக்ஃபெல்லர் நிதியில் ஓர் ஆய்வைத் தொடங்கினார். மனிதர்கள் ஒன்றைச் சொல்லி வேறொன்றை உணர்த்துவது எப்படி என்பதுதான் ஆய்வு. ஹேலி, ஜான் வீக்லண்ட், வில்லியம் ஃப்ரை கூட இருந்தார்கள். மனநல மருத்துவர் டான் ஜாக்சன் பிறகு சேர்ந்தார். 1956-ல் வெளிவந்த அவர்களின் கட்டுரை மனச்சிதைவு நோயை வீட்டுப் பேச்சோடு முடிச்சுப் போட்டது. "உனக்குப் பிடிச்சதைப் படிப்பா" என்று வாய் சொல்கிறது; அவன் பிடித்ததைச் சொன்னதும் முகம் சுருங்குகிறது. பிள்ளை எதைத் தேர்ந்தாலும் தப்பு. "அம்மா, வாய் ஒண்ணு சொல்லுது, முகம் ஒண்ணு சொல்லுது" என்று சுட்டிக்காட்டவும் முடியாது, எழுந்து போகவும் முடியாது. இந்த இரட்டைப் பிடியில் வளர்கிற பிள்ளையின் மனம் சிதறும் என்றார்கள்.

மனச்சிதைவு நோய்க்கு இதுதான் காரணம் என்பது பிற்பாடு நிற்கவில்லை. அந்தக் கட்டுரையால் கொஞ்ச காலம் அம்மாக்கள் சுமந்த பழி நியாயமற்றது. ஆனால் நோயைத் தலைக்குள் மட்டும் தேடாமல் இரண்டு பேருக்கு நடுவிலும் தேடலாம் என்ற பார்வை தங்கிவிட்டது.

குழு உடைந்தது வேறு காரணத்தால். எந்த உறவிலும் யார் கை ஓங்குவது என்ற போட்டி உண்டு, சிகிச்சையாளர் அதைப் பார்த்து, தன் கையை ஓங்கவைத்து, குடும்பத்தைத் திருப்ப வேண்டும் என்பது ஹேலியின் கட்சி. அதிகாரம் என்ற எண்ணமே விஷம், அதை நம்பத் தொடங்கினால் நம்புகிறவரின் புத்தியும் கெடும் என்பது பேட்சனின் கட்சி. பத்து ஆண்டு சேர்ந்து வேலை செய்தும் இந்த ஒரு விஷயத்தில் இருவரும் இறங்கி வரவில்லை. 1962-ல் ஆய்வு முடிந்தது. பேட்சன் அடுத்து டால்ஃபின்களை ஆராயப் போய்விட்டார். மனிதர்களைவிட அவை பரவாயில்லை என்று நினைத்தாரோ என்னவோ.

அதே 1962-ல் இந்தத் துறையின் முதல் ஆய்விதழ் வந்தது. நடத்தியவர்கள் இரண்டு பேர்: கிழக்குக் கரையில் நியூயார்க்கின் நேதன் ஆக்கர்மேன், ஃப்ராய்டு வழியில் ஊறியவர், மேற்குக் கரையில் டான் ஜாக்சன், அந்த வழியே வேண்டாம் என்றவர். ஆசிரியர் நாற்காலியில் ஹேலி. கொள்கையில் எதிரெதிர் துருவங்கள் ஒரு பத்திரிகைக்குக் கூட்டாக முதலாளியானது நம் ஊரில் நடக்குமா என்று யோசித்துப் பார்க்கிறேன்.

ஒரு வயிற்றுவலி, ஆறு வாசல்

அணுகுமுறைகளின் வித்தியாசத்தைப் புத்தகத்தில் படித்தால் தூக்கம் வரும். கற்பனையாக ஒரு வீட்டை வைத்துக்கொள்வோம். மதுரைப் பக்கம். பத்தாவது படிக்கிற பையன் இரண்டு மாதமாகப் பள்ளிக்கூடம் போகவில்லை. காலை ஏழு மணிக்கு வயிற்றுவலி வரும், பள்ளி வேன் போனதும் அடங்கும். ஸ்கேன் எடுத்தாயிற்று, எல்லாம் நார்மல். அப்பாவுக்கு ஹார்டுவேர் கடை. "நீ செல்லங் குடுத்துதான் கெட்டுப் போயிட்டான்" என்பார். "நீங்க வீட்ல இருந்தாத்தானங்க தெரியும்" என்பார் அம்மா. அப்பத்தா குறுக்கே வந்து, "பிள்ளையப் போட்டு ஏன்டா ரெண்டு பேரும் வதைக்கிறீக" என்பார். இந்த நால்வரும் கவுன்சலிங்குக்கு வருகிறார்கள்.

மினுச்சின் முதலில் யார் எங்கே உட்கார்கிறார்கள் என்று பார்ப்பார். பையன் அம்மாவுக்கும் அப்பத்தாவுக்கும் நடுவில்; அப்பா கதவோரம். எழுந்து வந்து அப்பாவை அம்மாவுக்குப் பக்கத்தில் உட்காரவைப்பார். "நாளைக் காலை ஏழு மணிக்கு என்ன செய்வது என்று நீங்கள் இரண்டு பேரும் இப்போதே, என் முன்னால், முடிவு செய்யுங்கள்" என்பார். அப்பத்தா வாயெடுத்தால் மரியாதையோடு கையமர்த்துவார். வீட்டில் நடப்பதைப் பற்றிப் பேசுவதில் அவருக்கு நம்பிக்கை குறைவு. அது அறைக்குள்ளேயே நடக்க வேண்டும். சாப்பிட மறுக்கும் அனோரெக்சியா நோயாளிகளின் குடும்பத்துக்கு அவர் சிகிச்சை அறைக்கே மதிய உணவு வரவழைத்த கதை பிரசித்தம். தட்டு நடுவில், பெண் ஒரு பக்கம், பெற்றோர் ஒரு பக்கம். நடக்கட்டும், பார்ப்போம்!

மரே போவன் இதற்கு நேர் எதிர். குரல் உயராத மனிதர். 1950களில் அமெரிக்காவின் தேசிய மனநல நிறுவனத்தில் மனச்சிதைவு நோயாளிகளோடு அவர்கள் குடும்பத்தையும் வார்டில் சேர்த்து மாதக்கணக்கில் கவனித்தவர். இரண்டு பேருக்கு நடுவில் இறுக்கம் கூடினால் மூன்றாவது ஆள் ஒருவரை உள்ளே இழுப்பார்கள் என்பது அவர் கண்டது. கணவன் மேல் உள்ள வருத்தத்தை மகனிடம் சொல்கிற எந்த அம்மாவுக்கும் இது புரியும். போவன் அந்த ஹார்டுவேர் கடைக்காரரைப் பார்த்து, "உங்க அப்பா இருந்தபோது அவரிடம் எதையாவது மறுத்துப் பேசியிருக்கிறீர்களா?" என்று கேட்பார். மூன்று தலைமுறை மரத்தை வரைந்துவிட்டுத்தான் வயிற்றுவலிக்கே வருவார்.

ஹேலி வீட்டுக்கு ஒரு வேலை கொடுத்து அனுப்புவார். வலி வந்த நாளில் பையன் முழுநாளும் படுத்திருக்க வேண்டும், போன் கிடையாது, டிவி கிடையாது, அப்பா கடையைப் பூட்டிவிட்டுப் பக்கத்தில் உட்கார வேண்டும். இப்படி ஏதாவது. வலியைவிட வைத்தியம் தொந்தரவாக இருந்தால் வலி போய்விடும் என்பது கணக்கு. வர்ஜீனியா சடீர் நால்வரையும் எழுப்பி, அவர்கள் உறவு எப்படி இருக்கிறதோ அப்படிச் சிலையாக நிற்கவைப்பார்; அப்பா விரல் நீட்டியபடி, அம்மா மண்டியிட்டபடி. ஆஸ்திரேலியாவின் மைக்கேல் வைட், "இந்த வயிற்றுவலிக்கு ஒரு பேர் வை" என்று பையனிடமே சொல்லி, அது வீட்டுக்குள் எப்படி நுழைந்தது, எந்த நாளில் அவன் அதை ஏமாற்றினான் என்று துப்பறிவார். மில்வாக்கியின் ஸ்டீவ் டி ஷேசரும் கொரியாவில் பிறந்த அவர் மனைவி இன்சூ கிம் பெர்க்கும் காரணத்தையே கேட்க மாட்டார்கள்: எந்தக் காலையில் வலிக்கவில்லை, அன்று என்ன வித்தியாசம்?

ஏழு பேரும் ஆறு வாசல் வழியாக நுழைகிறார்கள். யார் சரி? ஒரு பள்ளி மற்ற எல்லாவற்றையும் தோற்கடித்துவிட்டது என்று ஒப்பீட்டு ஆய்வுகள் காட்டவில்லை. நிறுவனர்கள் மட்டும் அதை ஒப்புக்கொள்ளச் சம்மதிக்கவில்லை. 1974-ல் வெனிசுவேலாவில் நடந்த ஒரு கூட்டத்தில் மினுச்சினும் சடீரும் நேருக்கு நேர் மோதினார்கள். உலகத்தையே அன்பால் இணைக்கலாம் என்ற இடத்துக்குச் சடீர் வந்திருந்தார். உடைந்த குடும்பத்தைச் சரிசெய்ய அன்பு போதாது, வித்தை வேண்டும் என்றார் மினுச்சின். அதன் பிறகு சடீர் இந்தத் துறையின் மைய நீரோட்டத்திலிருந்தே ஒதுங்கிப் போனார். ஆயிரக்கணக்கான குடும்பங்களை ஒட்டவைத்தவர்களுக்கு ஒருவரோடு ஒருவர் ஒட்டி நிற்கத் தெரியவில்லை.

மிலானில் நான்கு பேர்

சண்டையை ஒரு முறையாகவே மாற்றியவர்கள் இத்தாலியர்கள். மிலானில் மாரா செல்வினி பலட்சோலி, லூயிஜி போஸ்கொலோ, ஜான்ஃப்ராங்கோ செக்கின், ஜூலியானா பிராட்டா. இரண்டு ஆண், இரண்டு பெண். நால்வரும் மனநல மருத்துவர்கள். இருவர் குடும்பத்தோடு அறையில். இருவர் ஒருவழிக் கண்ணாடிக்குப் பின்னால். அந்தப் பக்கமிருந்து பார்த்தால் எல்லாம் தெரியும். இந்தப் பக்கம் வெறும் கண்ணாடி. நடுவில் அறையிலிருப்பவர்கள் எழுந்து போவார்கள். நான்கு பேரும் கதவைச் சாத்திக்கொண்டு வாதாடுவார்கள். பிறகு வந்து குடும்பத்திடம் ஒரே ஒரு வாக்கு. சில சமயம் கடிதமாகவே எழுதிக் கொடுத்துவிடுவார்கள்.

மாதம் ஒருமுறைதான் சந்திப்பு. தொலைவிலிருந்து ரயிலேறி வரும் குடும்பங்களால் வாராவாரம் வர முடியவில்லை என்பதால் இந்த ஏற்பாடு. ஆனால் இப்படி இடைவெளி விட்டு வரும் குடும்பங்களில்தான் மாற்றம் கூடுதலாக இருப்பதைக் கவனித்துவிட்டு, பக்கத்துத் தெருக்காரர்களுக்கும் மாதம் ஒன்று என்றே ஆக்கிவிட்டார்கள்.

அவர்கள் கொடுத்த வைத்தியங்களில் எனக்கு மிகவும் பிடித்தது 1978-ல் எழுதியது. பிள்ளையின் விஷயத்தில் அப்பா ஒன்று சொல்ல அம்மா அதை வெட்டுகிற வீடுகளுக்கானது. செவ்வாய், வியாழன், சனி: பிள்ளையைப் பற்றி எந்த முடிவும் அப்பாவுடையது, அம்மா அங்கே இல்லாத மாதிரி இருக்க வேண்டும். திங்கள், புதன், வெள்ளி: அம்மா ராஜ்ஜியம், அப்பா இல்லாத மாதிரி. ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் இஷ்டப்படி. ஒத்துப்போங்கள் என்று யாரையும் கெஞ்சவில்லை. இருவரின் கருத்தும் அப்படியே இருக்கட்டும். ஒரே நேரத்தில் மட்டும் வேண்டாம். இடையில் மாட்டிக்கொண்ட பிள்ளைக்கு முதன்முறையாக ஒரு நாளைக்கு ஓர் ஆணைதான்.

இவ்வளவு நுட்பமான நால்வரும் 1980 வாக்கில் இரண்டாகப் பிரிந்தார்கள். பெண்கள் இருவரும் ஆராய்ச்சிப் பக்கம் போனார்கள். எல்லாக் குடும்பத்துக்கும் பொருந்தும் ஒரே மருந்துச் சீட்டைத் தேடினார் செல்வினி. ஆண்கள் இருவரும் பயிற்சி கொடுக்கப் போனார்கள். ஊர் ஊராகக் கற்பித்ததில், குடும்பத்திடம் கடைசியில் சொல்கிற வாக்கைவிட, கேட்கிற கேள்விதான் வேலை செய்கிறது என்ற முடிவுக்கு வந்தார்கள்.

நியூயார்க்கில் பெக்கி பாப் இந்தக் கண்ணாடி முறையை இன்னொரு திருப்பு திருப்பினார். கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் குழுவைப் பழைய கிரேக்க நாடகத்தின் கோரஸ் மாதிரி ஆக்கினார். குழு உள்ளேயிருந்து செய்தி அனுப்பும்: "இந்தக் குடும்பம் மாறாது என்று நாங்கள் நினைக்கிறோம்." அறையிலிருக்கும் சிகிச்சையாளர், "அவர்கள் சொல்வதை நான் ஏற்கவில்லை, உங்களால் முடியும்" என்பார். குடும்பம் ரோஷப்பட்டு இவர் பக்கம் சாயும். மாறிவிடும். கெட்டிக்கார யுக்திதான், வேலையும் செய்தது. ஆனால் இந்தக் கருத்து வேறுபாடு திட்டம் போட்டு நடத்தப்படுவது. குடும்பத்துக்கு அது தெரியாது. உண்மையான வாதம் எதுவோ அது இன்னும் கதவுக்குப் பின்னால்தான் இருந்தது.

விளக்கு மாறிய நாள்

நார்வேயின் வடகோடியில், ஆர்க்டிக் வட்டத்துக்கும் மேலே, ட்ரொம்ஸோ என்ற நகரம். அங்கே டாம் ஆண்டர்சன் என்ற மனநல மருத்துவரின் குழு மிலான் பாணியில் வேலை செய்துகொண்டிருந்தது. 1985 மார்ச். ஓர் இளம் சிகிச்சையாளர் ஒரு குடும்பத்தோடு பேசிக்கொண்டிருக்கிறார். வீடு முழுக்கத் துயரம். பேசப் பேச அவரும் அதற்குள் இறங்கிவிட்டார். கண்ணாடிக்குப் பின்னாலிருந்து அவரை வெளியே கூப்பிட்டு, நம்பிக்கை தருகிற மாதிரி ஒரு கேள்வி சொல்லி அனுப்பினார்கள். உள்ளே போனார், இரண்டு நிமிடத்தில் மறுபடி துயரம். திரும்பக் கூப்பிட்டார்கள். திரும்ப அதே கதை.

கடைசியில் குழு கதவைத் தட்டியது. நாங்கள் பேசுவதைக் கொஞ்ச நேரம் நீங்கள் கேட்கிறீர்களா என்று குடும்பத்திடம் கேட்டார்கள். அறையின் விளக்கை அணைத்து, பின்னறையின் விளக்கைப் போட்டார்கள். ஒலியும் திசை மாறியது. பார்க்கப்பட்டவர்கள் இப்போது பார்த்தார்கள். டாக்டர்கள் ஒருவரோடு ஒருவர் பேசினார்கள்: இவ்வளவு கஷ்டத்திலும் இந்தக் குடும்பம் எப்படித் தாக்குப்பிடித்தது, அவர்களுக்கே தெரியாத பலம் எதுவும் இருக்கிறதா என்று. பிறகு விளக்கு மறுபடி மாறியது. கோபப்படுவார்களோ, சலித்துக்கொள்வார்களோ என்று குழு பயந்தபடி இருந்தது. குடும்பம் சற்று நேரம் மௌனமாக யோசித்தது. பிறகு தங்களுக்குள் வேறு மாதிரி பேச ஆரம்பித்தது.

யோசனை அதற்குச் சில ஆண்டுகள் முன்பே வந்திருந்ததாம். செய்யத் துணியாததற்கு ஆண்டர்சன் சொன்ன காரணம்தான் முக்கியம்: பின்னறையில் குடும்பங்களைப் பற்றித் தாங்கள் பேசிய தொனி அவ்வளவு நல்லதாக இல்லை. கதவு சாத்தியிருக்கும்போது வாயில் வருவது அவர்கள் காதில் விழுந்தால் என்ன ஆகும்? ஆனால் குடும்பம் கேட்கிறது என்று தெரிந்த மாத்திரத்தில் பேச்சு தானாகவே மாறிவிட்டது. புதிதாக யாரும் மரியாதைப் பயிற்சி கொடுக்கவில்லை.

இதிலிருந்து சில வழக்கங்கள் வந்தன. குழுவினர் குடும்பத்தின் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை, ஒருவரை ஒருவர் பார்த்தே பேசுவார்கள். அப்போதுதான் கேட்பவர்களுக்குத் தலையாட்ட வேண்டிய கட்டாயம் இருக்காது. "இது இப்படித்தான்" என்ற பேச்சு கிடையாது. "எனக்கு இப்படித் தோன்றுகிறது", "எனக்கு வேறு மாதிரி பட்டது", அவ்வளவே. இரண்டு கருத்து இருந்தால் இரண்டும் மேசை மேல் இருக்கும். ஒன்று ஜெயிக்க வேண்டியதில்லை. எதை எடுத்துக்கொள்வது என்பது குடும்பத்தின் பாடு.

எவ்வளவு புதிதாகச் சொல்லலாம் என்பதற்கு ஆண்டர்சன் பிடித்துக்கொண்ட அளவுகோல் ஒரு பிசியோதெரபிஸ்டிடமிருந்து வந்தது. ஓடெல் பியூலோ ஹான்சன் என்ற அந்த நார்வேப் பெண்மணி இறுகிய தசையைக் கையால் அழுத்தும்போது நோயாளியின் மூச்சைக் கவனிப்பார். அழுத்தம் போதவில்லை என்றால் மூச்சில் மாற்றமே இருக்காது. அதிகமானால் நோயாளி மூச்சைப் பிடித்துக்கொள்வார். சரியான அழுத்தத்தில் நெஞ்சு விரிந்து மூச்சு ஆழமாகும். குடும்பம் ஏற்கெனவே சொல்லிச் சலித்ததையே சொன்னால் ஒன்றும் நடக்காது. ரொம்ப அந்நியமானதைச் சொன்னால் மூடிக்கொள்வார்கள். நடுவில் ஓர் இடம் இருக்கிறது, கை பழகித்தான் தெரியும்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். சக சிகிச்சையாளரோடு குடும்பத்தின் எதிரிலேயே வாதம் செய்த முதல் ஆள் ஆண்டர்சன் இல்லை. அமெரிக்காவின் கார்ல் விட்டக்கர் எப்போதும் ஒரு துணையோடுதான் குடும்பத்தைச் சந்திப்பார். மனதில் தோன்றியதை அங்கேயே துணையிடம் போட்டு உடைப்பார். ஆனால் விட்டக்கரின் முறை விட்டக்கருக்குத்தான் வரும். ட்ரொம்ஸோவில் நடந்ததை யாரும் கற்றுக்கொள்ள முடிந்தது.

நடுநிலை என்ற பொறி

1970கள் வரை நடந்த வாதங்களில் பாதிப் பேரின், அதாவது பெண்களின், தரப்பு இல்லை. "அதிகம் தலையிடும் அம்மா, ஒதுங்கி நிற்கும் அப்பா" என்பது 1970களில் எந்தப் பள்ளிக்காரரும் எழுதிய நோய்க் குறிப்பு. மருந்தும் ஒன்றே: அம்மாவைப் பின்னுக்கு நகர்த்து, அப்பாவை உள்ளே இழு. அப்பா ஏன் ஒதுங்கி நிற்க வசதியாக இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. 1978-ல் ரேச்சல் ஹேர் மஸ்டின் அதைக் கேட்டு எழுதினார்.

அதே காலத்தில் நான்கு பெண்கள் கூடினார்கள். பெட்டி கார்ட்டர் போவன் வழி. மரியான் வால்டர்ஸ் மினுச்சின் வழி. பெக்கி பாப்பும் ஓல்கா சில்வர்ஸ்டைனும் யுக்தி வழி. குருமார்கள் ஒரே மேடையில் உட்கார மாட்டார்கள். இவர்கள் ஆண்டுக்கணக்கில் சேர்ந்து வேலை செய்து 1988-ல் ஒரு புத்தகம் கொண்டுவந்தார்கள். அதிலும் ஒரே குரலில் எழுதவில்லை. தாய்-மகள், விவாகரத்து என்று ஒவ்வொரு விஷயத்துக்கும் அவரவர் வழியில் நின்று தனித்தனியாக எழுதினார்கள். பொதுவாக வைத்துக்கொண்டது ஒரு கேள்வியை மட்டும்: இந்த யோசனை வீட்டுப் பெண்ணுக்கு என்ன செய்யும்?

இது வெறும் சித்தாந்த விவகாரம் இல்லை. குடும்பத்தில் நடப்பது எல்லாம் வட்டம், அவர் செய்வது இவரைத் தூண்டுகிறது, இவர் செய்வது அவரைத் தூண்டுகிறது என்று சொல்வது கேட்க அழகாக இருக்கும். கணவன் அடிக்கிற வீட்டில் அதைச் சொன்னால் அடிபட்டவளுக்கும் பங்கு எழுதிக் கொடுத்ததாக ஆகும். எல்லாக் கருத்தும் மேசைக்கு வரலாம் என்பதற்கு அங்கே எல்லை போட வேண்டும். அடிப்பது இன்னொரு கருத்து இல்லை. அப்படிப்பட்ட வீட்டில் இருவரையும் ஒரே அறையில் உட்காரவைத்துப் பேசுவதே ஆபத்து. அவள் அங்கே சொன்ன உண்மைக்கு வீட்டில் போய் அடி விழும்.

வன்முறை இல்லாத வீட்டில்கூடச் சேர்த்து உட்காரவைப்பது எப்போதும் நல்லது என்று சொல்ல முடியாது. லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனைக்காரர்கள் மினுச்சினின் சாப்பாட்டு மேசையை எடுத்துக்கொண்டார்கள். நோய்க்குக் குடும்பம்தான் காரணம் என்ற அவர் எண்ணத்தை விட்டுவிட்டார்கள். 1987-ல் வெளியான அவர்கள் ஆய்வில், இளம் வயதில் அனோரெக்சியா தொடங்கி மூன்று ஆண்டு ஆகாதவர்களுக்குத் தனிநபர் சிகிச்சையைவிடக் குடும்ப சிகிச்சை நன்றாக வேலை செய்தது. பிறகு 40 இளவயதினரை வைத்து இன்னொன்றைச் சோதித்தார்கள்: ஒரு பிரிவில் பெற்றோரும் பிள்ளையும் ஒரே அறையில்; இன்னொரு பிரிவில் பெற்றோருக்குத் தனி நேரம், பிள்ளைக்குத் தனி நேரம், சிகிச்சையாளர் ஒருவரே. 2000-ல் வந்த முடிவு: மொத்தத்தில் பெரிய வித்தியாசமில்லை, ஆனால் அம்மா பிள்ளையை அதிகம் குறை சொல்கிற வீடுகளில் தனித்தனியாகப் பார்த்தபோதுதான் பலன் கூடுதல். குடும்ப சிகிச்சைக்குக் குடும்பத்தைப் பிரித்து உட்காரவைக்க வேண்டிய நேரமும் உண்டு.

பாகாயத்தில் பாய் விரித்தவர்கள்

போவன் அமெரிக்காவில் குடும்பங்களை வார்டில் சேர்த்தபோது அது புரட்சி. அதே 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையின் தலைவர் வித்யா சாகர் நோயாளிகளின் உறவினர்களை மருத்துவமனை வளாகத்தில் கூடாரம் போட்டுத் தங்கவைத்தார். பெரிய கோட்பாடு எதுவும் கையில் இல்லை, ஆள் பற்றாக்குறை. வீட்டார் கூட இருந்தால் நோயாளி சீக்கிரம் தேறுவதையும், ஊர் திரும்பிய பிறகு கைவிடப்படாததையும் அவர் கண்டார். 1957-ல் வேலூர் சிஎம்சி, பாகாயத்தில் மனநல மையம் தொடங்கியபோது உறவினர் ஒருவர் நோயாளியோடு தங்குவதே ஏற்பாடாக அமைந்தது. பெங்களூரு நிம்ஹான்ஸ் 1977-ல் குடும்ப மனநலத்துக்கென்று தனிப் பிரிவே கண்டது. நோயாளியோடு அம்மாவோ அண்ணனோ பாய் விரித்துப் படுப்பது நமக்குச் சாதாரணம். மேற்கு தேடிப் போனதில் ஒரு பாதி இங்கே கேட்காமலே இருந்தது.

இன்னொரு பாதி இங்கே இன்னும் வரவில்லை. குடும்பம் வார்டில் இருக்கிறது. ஆனால் டாக்டர்களின் வாதத்தில் இல்லை. மனநல மருத்துவர் மாத்திரை எழுதுகிறார், உளவியலாளர் வேறொன்று சொல்கிறார், பள்ளிக்கூட கவுன்சலர் மூன்றாவது ஒன்று சொல்கிறார். மூவரும் ஒருவரோடு ஒருவர் பேசினார்களா என்பது வீட்டுக்குத் தெரியாது. ஃபின்லாந்தின் டோர்னியோவில், கேரோபுதாஸ் மருத்துவமனையில், 1984-லேயே ஒரு முடிவு எடுத்தார்கள்: நோயாளியைப் பற்றிய எந்தப் பேச்சும், அட்மிஷன் போடுவதா வேண்டாமா என்பது உட்பட, நோயாளியும் குடும்பமும் இருக்கும்போது மட்டுமே. டாக்டருக்கும் நர்ஸுக்கும் ஒத்துப்போகவில்லை என்றால் அதையும் அங்கேயே பேச வேண்டும். அவர்கள் வெளியிட்ட பலன்கள் உலகத்தைத் திரும்பிப் பார்க்கவைத்தன. அந்தத் தொடக்க ஆய்வுகள் சிறியவை, அந்தக் குழுவே செய்தவை என்பதையும் சேர்த்துச் சொல்வதே நியாயம்.

நம் ஊரில் இதற்கு இரண்டு தடை. ஒன்று காசு, ஆள். ஒரு குடும்பத்துக்கு ஒரு கவுன்சலர் கிடைப்பதே பாடு; நான்கு பேரும் கண்ணாடியும் யார் தருவது? இன்னொன்று நம் எதிர்பார்ப்பு. நாம் கவுன்சலரிடம் தீர்ப்புக் கேட்கப் போகிறோம். "நீங்களே சொல்லுங்க சார், யார் மேல தப்பு?" பஞ்சாயத்தில் நாட்டாமைகள் இருவர் நம் எதிரிலேயே கருத்து வேறுபட்டால், "இவங்களுக்கே ஒண்ணும் தெரியல" என்று எழுந்து வந்துவிடுவோம்.

முதல் தடைக்கு ஆண்டர்சனே வழி விட்டுப்போயிருக்கிறார். பிற்காலத்தில் அவருக்குக் கண்ணாடியும் தேவைப்படவில்லை, குழுவும் தேவைப்படவில்லை. பக்கத்தில் சக ஊழியர் ஒருவர் இருந்தால் போதும், குடும்பத்தின் முன்னிலையிலேயே அவரிடம் திரும்பி ஐந்து நிமிடம் பேசுவார். அதற்கும் ஆள் இல்லையென்றால், வீட்டில் ஒருவரோடு மட்டும் பேசுவார். மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். பிறகு கேட்டவர்கள் பக்கம் திரும்பி, என்ன கேட்டீர்கள் என்பார். ஒரே ஒரு கவுன்சலர் இருக்கிற மதுரை அறையிலும் இது முடியும். அவர் அப்பத்தாவிடம் பத்து நிமிடம் பேசுகிறார்: பேரனுக்கு வலி வரும்போது உங்களுக்கு என்ன பயம் வருகிறது, உங்க வீட்டுக்காரர் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்? அந்தப் பத்து நிமிடமும் மருமகள் குறுக்கே ஒரு வார்த்தை பேசக் கூடாது. பிறகு அவர் முறை. அப்போது அப்பத்தா வாய் திறக்கக் கூடாது.